நர்சிங் பிள்ளைகளோடு உட்கார்ந்து ஒரு படம் பார்ப்பது எப்படி?

பல வருடங்களுக்கு முன்னால் ஒரு நைட் டூட்டி. ஏழாம் கட்டிலில் காய்ச்சல் என்று சேர்த்திருந்த ஒரு பாட்டா. சாயங்கால டூட்டி சிஸ்டர் ஒப்படைக்கும்போது "ஃபீவர் கேஸ், இப்பம் பரவாயில்ல" என்று சொல்லிவிட்டுப் போனார். நானும் ராத்திரி முழுக்க டெம்பரேச்சர், பி.பி. பார்த்து, "நோயாளி நலமாக உள்ளார்" என்று எழுதிக்கொண்டே வந்தேன். விடிந்ததும் கஞ்சி கொண்டுவந்த பேத்தி, தூக்குவாளியைக் கீழே வைக்கும் முன்பே கேட்டாள்: "சிஸ்டர், பாட்டா எதுக்கு இடக்கையால தண்ணி குடிக்காவ?"

வலது கை போர்வை மேல் சும்மா கிடந்தது. பிறகு டாக்டர் ஓடி வந்ததும் ஸ்கேனுக்குக் கொண்டுபோனதும் வேறு கதை. ராத்திரி இரண்டு தடவை அவர் தண்ணீர் குடிக்கும்போது பக்கத்தில் நின்றவள் நான். எந்தக் கையால் குடித்தார் என்று என்னிடம் கேட்டிருந்தால் பதில் இருந்திருக்காது. "ஃபீவர் கேஸ்" என்ற பேர் காதில் விழுந்ததோடு என் கண் டூட்டி முடித்துக்கொண்டுவிட்டது.

இப்போது நர்சிங் பிள்ளைகளுக்குப் பாடம் எடுக்கிறேன். மாதம் இரண்டு தடவை, ஒரு மணி நேரம், அவர்கள் முன்னால் ஒரு ஓவியத்தையோ சிற்பத்தையோ வைத்துப் பார்க்கச் சொல்கிறேன். பேர் சொல்லும் முன் பார்க்க வேண்டும், அவ்வளவுதான் பாடம். இதேபோல் தொடங்க நினைக்கும் டியூட்டர்கள், வார்டு இன்சார்ஜ்கள், ஆரம்ப சுகாதார நிலையத்து ஸ்டாஃப், ஹவுஸ் சர்ஜன் பிள்ளைகள் ஆகியோருக்காக நான் செய்யும் முறையை இங்கே எழுதுகிறேன். ஓவியம் வரையத் தெரிந்திருக்க வேண்டியதில்லை. எனக்கும் தெரியாது.

இது நான் கண்டுபிடித்ததும் இல்லை. அமெரிக்காவில் யேல் பல்கலைக்கழகத்துத் தோல் மருத்துவர் இர்வின் பிரேவர்மன், தன் மாணவர்களின் கண் சரியாகப் பழகவில்லை என்று கண்டு, அங்கிருந்த பிரிட்டிஷ் கலை மையத்தின் லிண்டா ஃப்ரீட்லேண்டரோடு சேர்ந்து அவர்களை ஓவியங்கள் முன் நிறுத்தினார். ஓவியம் பார்த்துப் பழகிய மாணவர்கள், நோயாளிகளின் புகைப்படங்களிலும் மற்றவர்களைவிடக் கூடுதலான விவரங்களைக் கவனித்தார்கள் என்று 2001-இல் கட்டுரை வந்தது. அதன் பிறகு பல மருத்துவக் கல்லூரிகள் இந்த வழியைப் பிடித்துக்கொண்டன. கலைக்கும் உடல்நலத்துக்கும் உள்ள தொடர்பு பற்றி 3000-க்கும் மேற்பட்ட ஆய்வுகளைத் திரட்டி உலக சுகாதார நிறுவனம் 2019-இல் ஓர் அறிக்கையே வெளியிட்டது.

நம் கன்னியாகுமரி மாவட்டத்துக்கும் இதில் ஒரு பழைய பந்தம் உண்டு. 1922-இலும் 1924-இலும் எவரெஸ்ட் ஏறப் போன குழுவில் இருந்த தியோடர் ஹோவர்ட் சோமர்வெல், நெய்யூர் மிஷன் ஆஸ்பத்திரியில் பல வருடங்கள் அறுவை மருத்துவராக இருந்தவர். 1922 பயணம் முடிந்து ஊர் சுற்றிப் பார்க்க வந்தவர், நெய்யூரில் காத்துக் கிடந்த நோயாளிக் கூட்டத்தைப் பார்த்துவிட்டு லண்டன் வேலையை விட்டார். அவர் ஓவியரும்கூட. இமயமலையை நீர்வண்ணத்தில் தீட்டிய கைதான் நெய்யூரில் கத்தியும் பிடித்தது. வகுப்பில் "டாக்டர் வேலைக்கும் படத்துக்கும் என்ன டீச்சர் சம்பந்தம்?" என்று யாராவது கேட்டால் நான் இந்தக் கதையைத்தான் எடுத்து விடுவேன்.

முதலில், படம் தேடுதல்

இதில்தான் புதியவர்கள் சறுக்குவார்கள். நானும் சறுக்கினேன். முதல் வகுப்புக்கு எல்லோருக்கும் தெரிந்ததாக இருக்கட்டும் என்று ஒரு நடராஜர் படத்தை வைத்தேன். "நடராஜர்" என்றார்கள். முடிந்தது வகுப்பு. எந்தக் கால் தூக்கியிருக்கிறது என்று படத்தை மூடிவிட்டுக் கேட்டால் பாதிப் பேர் வலது என்றார்கள். பேர் தெரிந்த உடனே கண் மூடிக்கொள்ளும் அதே ஏழாம் கட்டில் வியாதிதான். தெரிந்த சாமி, தெரிந்த நடிகர், தெரிந்த கதை எதுவும் முதல் மூன்று வகுப்புகளுக்கு வேண்டாம்.

படத்தில் மனிதர்கள் இருக்க வேண்டும். ஏதோ நடந்துகொண்டிருக்க வேண்டும். அது என்னவென்று சட்டெனப் பிடிபடக் கூடாது. நான் வழக்கமாகத் தொடங்குவது லூக் ஃபில்டெஸ் 1891-இல் வரைந்த 'டாக்டர்' என்ற ஓவியத்தோடு. மூலப்படம் லண்டனில் டேட் கலைக்கூடத்தில் இருக்கிறது. இரண்டாவது வகுப்புக்கு ரவிவர்மாவின் 'அதோ அப்பா வருகிறார்', 1893. கைக்குழந்தையோடு நிற்கும் தாய், படத்துக்கு வெளியே எதையோ பார்க்கிறாள். இரண்டு ஓவியர்களும் காலமாகி நூறு வருடம் ஆகப்போகிறது அல்லது தாண்டிவிட்டது. படத்தைப் பிரதி எடுப்பதில் சிக்கல் இல்லை.

கலர் பிரிண்ட் எடுப்பதானால் ஏ3 அளவாவது வேண்டும். புரொஜெக்டர் இருந்தால் நல்லது. ஆளுக்கொரு மொபைலில் பார்க்கலாம் என்ற யோசனையை மட்டும் ஏற்காதீர்கள். ஒவ்வொருவரும் ஒவ்வொரு மூலையைப் பெரிதாக்கிக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள், பேச்சு ஒன்று சேராது. தவிர, இரண்டே நிமிடத்தில் படத்தின் பேரைத் தேடி எடுத்துவிடுவார்கள். அதனால் போன்களை ஒரு கூடையில் போடச் சொல்கிறேன். தலைப்பை நானும் கடைசிவரை சொல்வதில்லை.

நோயாளிகளின் போட்டோவை இதற்குப் பயன்படுத்தவே வேண்டாம். அனுமதி வாங்கினாலும் வேண்டாம்.

யார், எங்கே

எட்டுப் பேர் முதல் பன்னிரண்டு பேர் வரை போதும். அரைவட்டமாக நாற்காலி. எச்.ஓ.டி. (துறைத் தலைவர்) அல்லது நர்சிங் சூப்பரின்டெண்டெண்ட் வந்து உட்கார்ந்தால் பிள்ளைகள் வாய் திறக்க மாட்டார்கள். அவர்களுக்கு ஆசையிருந்தால் தனியாக ஒரு வகுப்பு வையுங்கள். மனம் நோகாமல் சொல்லத் தெரிந்த ஆளை அனுப்பிச் சொல்லுங்கள்.

மூன்று நிமிடம் சும்மா

படத்தை வைத்ததும் மூன்று நிமிடம் யாரும் பேசக்கூடாது. கையில் வாட்ச் இருக்கட்டும், ஏனென்றால் ஒரு நிமிடத்திலேயே மூன்று நிமிடம் ஆன மாதிரி உங்களுக்கே தோன்றும். முதல் நிமிடத்தில் பிள்ளைகள் ஒருவரை ஒருவர் பார்த்துச் சிரிப்பார்கள். இரண்டாவதில் கொட்டாவி. மூன்றாவதில்தான் கழுத்து முன்னால் நீளும். அந்தக் கழுத்து நீளும் இடம்வரை போகாமல் பேச ஆரம்பித்தால் பலன் இல்லை.

மூன்று கேள்வி

இதற்குப் பிறகு நீங்கள் கேட்க வேண்டியது மூன்றே கேள்விகள். நியூயார்க் நவீனக் கலை அருங்காட்சியகத்தில் கல்விப் பிரிவை நடத்திய பிலிப் யெனவைனும் உளவியலாளர் அபிகெய்ல் ஹவுசனும் உருவாக்கிய முறை இது. நம் வாய்க்கு ஏற்ப நான் இப்படிக் கேட்கிறேன்:

இந்தப் படத்துல என்ன நடக்குது?
எதைப் பாத்து அப்படிச் சொல்லுதே?
இன்னும் என்ன தெரியுது?

உயிர் இரண்டாவது கேள்வியில் இருக்கிறது. ஒரு வகுப்பில் நடந்ததை அப்படியே எழுதுகிறேன். ஃபில்டெஸ் படம். குடிசை போன்ற ஒரு வீடு. ஒரு குழந்தை படுத்திருக்கிறது. தாடி வைத்த ஒருவர் முகவாயில் கை வைத்து அதையே பார்த்துக்கொண்டிருக்கிறார். பின்னால் ஒரு ஆணும் பெண்ணும்.

"பிள்ளைக்கு ரொம்ப சீரியஸ் டீச்சர்" என்றாள் ஒருத்தி.

"எதைப் பாத்து சொல்லுதே?"

"அது... பாத்தாலே தெரியுது."

"பைய பாத்துச் சொல்லு மக்ளே. அவசரமில்ல."

கொஞ்ச நேரம் கழித்து: "கை தொங்குது. தூங்குற பிள்ளை கைய இப்படிப் போடாது. அப்புறம் அந்தம்மா மேசை மேல தலைய கவுத்திருக்கு."

"இது கட்டில் இல்ல" என்றான் பின்னாலிருந்த பையன். "ரெண்டு நாற்காலிய சேத்துப் போட்டிருக்காங்க. ரெண்டும் ஒரே மாதிரி நாற்காலியும் இல்ல." அதிலிருந்து, வசதி இல்லாத வீடு என்ற பேச்சு வந்தது. தகப்பன் கை மனைவியின் தோளில் இருக்கிறது, ஆனால் கண் டாக்டர் மேல் இருக்கிறது என்று இன்னொருத்தி கண்டாள். அப்போது ஒரு பெரிய வாக்குவாதம் கிளம்பியது: ராத்திரியா, விடிகாலையா? மேசையில் விளக்கு எரிகிறது என்றது ஒரு கட்சி. ஜன்னலில் வெளிச்சம் ஏறுகிறதே என்றது மறு கட்சி. அப்படியானால் ராத்திரி முழுக்க டாக்டர் இங்கேதான் உட்கார்ந்திருந்தாரா என்று ஒருத்தி கேட்டதும் எல்லோரும் பேச்சை நிறுத்திவிட்டுத் திரும்பவும் படத்தைப் பார்த்தார்கள். நான் ஒன்றும் சொல்லிக்கொடுக்கவில்லை. விளக்கிலிருந்து ஜன்னலுக்கு விரலைக் கொண்டுபோனேன், அவ்வளவே.

வகுப்பு நடத்துபவரின் வேலையும் அதுதான். ஒருவர் சொல்வதைப் படத்தில் விரலால் தொட்டுக் காட்டுங்கள். அவர் சொன்னதையே கொஞ்சம் தெளிவான வார்த்தையில் திருப்பிச் சொல்லுங்கள். "கரெக்ட்", "வெரி குட்", "தப்பு" மூன்றையும் விழுங்கிவிடுங்கள். ஒருத்தியை "வெரி குட்" என்றால் மற்ற பதினொரு பேரும் உங்கள் முகத்தைப் பார்க்க ஆரம்பிப்பார்கள், படத்தைப் பார்க்க மாட்டார்கள். டீச்சர் வேலை செய்த நாக்குக்கு இது லேசில் அடங்காது. எனக்கு ஒரு வருடம் பிடித்தது.

படத்திலிருந்து வார்டுக்கு

கடைசிப் பதினைந்து நிமிடம் இதற்கு. இரண்டு இரண்டு பேராக முதுகோடு முதுகு சேர்த்து உட்கார வையுங்கள். ஒருவர் கையில் ஒரு படம், மற்றவர் கையில் வெள்ளைத் தாளும் பென்சிலும். படம் வைத்திருப்பவர் சொல்லச் சொல்ல மற்றவர் வரைய வேண்டும், திரும்பிப் பார்க்கக் கூடாது. "ஒரு அம்மா நிக்கிறா" என்பார். எந்தப் பக்கம் பார்த்து? எந்தக் காலில் எடை? கையில் என்ன? வரைபவர் கேட்கக் கேட்கச் சொல்பவர் விழிப்பார். முடித்ததும் இரண்டு தாளையும் பக்கத்தில் வைத்தால் ஒரே சிரிப்பாக இருக்கும். சிரித்து முடிந்ததும் நான் கேட்பது: டூட்டி மாறும்போது நாம் சொல்லும் விவரத்தை வைத்து அடுத்தவர் இந்த நோயாளியை வரைய முடியுமா?

"நார்மல்", "பரவாயில்ல", "ஓகே" இந்த மூன்று சொல்லுக்கும் வகுப்பில் தடை. சொன்னவர் அடுத்த வகுப்புக்கு நேந்திரங்காய் சிப்ஸ் வாங்கி வர வேண்டும். எங்கள் வகுப்பில் சிப்ஸுக்குப் பஞ்சமே வந்ததில்லை.

மறுநாள் வார்டில் செய்ய ஒரு சின்ன வேலை கொடுக்கிறேன். கேஸ் ஷீட்டைத் திறக்கும் முன், ஒரே ஒரு நோயாளியிடம், கண்ணால் கண்ட ஐந்து விஷயங்களை மனதில் எழுதிக்கொள்ள வேண்டும். நோயின் பேர் அதில் வரக்கூடாது. செருப்பு ஒன்று தேய்ந்திருக்கிறது, தலையணை மூன்று வைத்திருக்கிறார், உதடு காய்ந்திருக்கிறது, கொண்டுவந்த இட்லி அப்படியே இருக்கிறது, பேசும்போது இரண்டு சொல்லுக்கு ஒரு மூச்சு. மூன்று தலையணை வைத்தால்தான் படுக்க முடிகிறது என்பது டாக்டரிடம் சொல்ல வேண்டிய சேதி என்று பிள்ளைகளுக்குத் தெரியும், பாடத்தில் படித்ததுதான். தலையணையை எண்ணுவதுதான் பழக்கத்தில் இல்லை. ஒன்றை மட்டும் கண்டிப்பாகச் சொல்லிவையுங்கள்: கட்டில் கால்மாட்டில் நின்று வெறிக்கக் கூடாது. விரிப்பு மாற்றும்போது, பி.பி. பார்க்கும்போது, இரண்டு வார்த்தை பேசிக்கொண்டே பார்ப்பது. கண்காட்சிப் பொருளாகிவிட்டோமோ என்று நோயாளிக்கு ஒரு நொடிகூடத் தோன்றிவிடக் கூடாது.

வெளியே கூட்டிப் போக

நான்கைந்து வகுப்பு முடிந்ததும் பிள்ளைகளை வெளியே கூட்டிப் போங்கள். நம் மாவட்டத்தில் இதற்குக் குறைச்சலே இல்லை.

எனக்குப் பிடித்தது பத்மநாபபுரம் அரண்மனை. தக்கலையில் இறங்கி ஒரு ஆட்டோ. இடம் தமிழ்நாட்டில் இருந்தாலும் நிர்வாகம் கேரள அரசின் கையில், திங்கட்கிழமை விடுமுறை. செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். நுழைந்ததும் பூமுகம், அதாவது முகப்பு மண்டபம். எல்லோரும் அங்கே தொங்கும் குதிரை விளக்கைப் பார்த்துவிட்டு அடுத்த அறைக்கு ஓடிவிடுவார்கள். நீங்கள் அங்கேயே நில்லுங்கள். தலைக்கு மேல் மரக்கூரையில் 90 வகைப் பூக்கள் செதுக்கியிருப்பதாகச் சொல்வார்கள். ஆளுக்கு ஒரு பூவைத் தேர்ந்து, பக்கத்துப் பூவிலிருந்து அது எப்படி வேறுபடுகிறது என்று சொல்ல வேண்டும். இதழ் எத்தனை, நுனி மடிந்திருக்கிறதா, நடுவில் என்ன. தோலில் வரும் தடிப்பை விவரிக்கும் பயிற்சியும் இதேதான்: விளிம்பு, நிறம், மேடு, பரவல். கழுத்து வலிக்கும், பத்து நிமிடத்துக்கு மேல் வேண்டாம். கன்னியாகுமரிக்குச் சபரிமலைக் கூட்டம் வரும் மாதங்களில் போனால் நிற்கவே இடம் கிடைக்காது.

திருவட்டார் ஆதிகேசவப் பெருமாள் கோவில் பிரகாரத்துப் பாவை விளக்குகளும் அருமையானவை. கல்லில் செதுக்கிய பெண்கள், வரிசையாக, ஒவ்வொருத்தி கையிலும் விளக்கு. பக்கத்துப் பக்கத்தில் நிற்கும் இரண்டு பாவைகளை ஒப்பிடச் சொன்னால் இடுப்பு வளைவு, கொண்டை, நிற்கும் நிலை என்று ஒன்றொன்றாக வெளியே வரும். ஆனால் ஒன்றை யோசித்துக்கொள்ளுங்கள். நம் மாவட்டத்து வகுப்பில் பாதிப் பேர் கிறிஸ்தவப் பிள்ளைகளாக இருப்பார்கள், இஸ்லாமியப் பிள்ளைகளும் இருப்பார்கள். கோவில் என்றால் சிலருக்குத் தயக்கம், வீட்டில் கேள்வி. ஆண் பிள்ளைகள் சட்டையைக் கழற்ற வேண்டிய வழக்கமும் உண்டு. யாரையும் சங்கடப்படுத்தாமல் இருக்கத்தான் நான் அரண்மனையையோ சிதறாலையோ தேர்ந்தெடுக்கிறேன்.

சிதறால் மலைக்கு மார்த்தாண்டம் வழியாகப் போகலாம். பாறை முகத்தில் சமணத் தீர்த்தங்கரர்கள் வரிசையாகப் புடைத்து நிற்கிறார்கள். ஒன்பதாம் நூற்றாண்டுக் கல்வெட்டு இருக்கும் இடம். இந்தத் தீர்த்தங்கரர்களின் பேர் பிள்ளைகள் யாருக்கும் தெரியாது. அதுவே நமக்கு வசதி. "தலைக்கு மேல பாம்புப் படம் இருக்கவரு ஒருத்தர், இல்லாதவரு ஒருத்தர்" என்று அவர்களே பிரித்துக்கொள்வார்கள். காலை வெயில் சரிவாக விழும்போது போனால் புடைப்பு நன்றாகத் தெரியும். தண்ணீர் எடுத்துப் போங்கள், ஏற்றம் உண்டு.

ஸ்டாஃபுக்காக, சும்மா ஒரு தாள்

இதுவரை சொன்னது கண்ணுக்கான பயிற்சி. இனி மனசுக்கு. இரண்டையும் ஒன்றாகக் கலக்க வேண்டாம் என்பது என் அபிப்பிராயம்.

டூட்டி அறையில் ஒரு டப்பாவில் பென்சில்கள், ஒரு கட்டு ஏ4 தாள். இடைவேளையில் பத்து நிமிடம், விருப்பமுள்ளவர்கள் மட்டும். தாளைப் பார்க்காமல் உங்கள் இடது கையைப் பார்த்துக்கொண்டே அதை வரையுங்கள். பென்சிலைத் தூக்கக் கூடாது. கண் எறும்பு மாதிரி விரல் ஓரமாக ஊர, கை கூடவே போக வேண்டும். வருவது கை மாதிரியே இருக்காது, நண்டு மாதிரி இருக்கும். யாருடையதும் நன்றாக இருக்காது என்பதால் யாருக்கும் வெட்கம் இல்லை. அந்தப் பத்து நிமிடம் பன்னிரண்டாம் கட்டில் தலைக்குள் வராது. ஐ.வி. போடுவதில் தடுமாறிக்கொண்டிருந்த ஒரு பிள்ளை, புறங்கையை நான்கு தடவை வரைந்த பிறகு "நரம்பு எங்க ஓடுதுன்னு இப்பம்தான் பாக்கேன்" என்றாள். அது எதிர்பாராமல் கிடைத்த கொசுறு.

புள்ளிக் கோலமும் ஆகும். வீட்டில் அம்மாவோடு போட்ட கோலத்தை ஞாபகத்திலிருந்து தாளில் போடச் சொன்னால் ஆளாளுக்கு ஊர்க் கதை வந்துவிடும்.

ஒரே விதி: வரைந்ததை யாரும் வாங்கி வைக்கக் கூடாது, நோட்டீஸ் போர்டில் ஒட்டக் கூடாது, பரிசு கூடாது. மே 12 செவிலியர் தினம் வந்தால் மேலிடத்துக்கு உடனே ஓவியப் போட்டி ஞாபகம் வரும். போட்டி என்று சொன்ன அன்றே அந்த டப்பாவை யாரும் தொட மாட்டார்கள். எனக்கு நடந்தது.

இதைச் சிகிச்சை என்று சொல்லாதீர்கள். கலைவழிச் சிகிச்சை என்பது தனியாகப் படித்துச் செய்யும் தொழில். வாரக்கணக்கில் தூக்கமில்லை, அழுகை நிற்கவில்லை என்று ஒருவர் சொன்னால் பென்சிலை நீட்டாமல் மனநல மருத்துவரிடம் கூட்டிப் போங்கள். அரசின் இலவச மனநல உதவி எண்ணான டெலி மானஸ்: 14416. அதை அந்த டப்பா மேலேயே ஒட்டி வைத்திருக்கிறேன்.

படம் காயப்படுத்தவும் செய்யும். மனசுக்கு அமைதியாக இருக்கும் என்று நினைத்து ஒரு தடவை கடல் படம் ஒன்றைக் கொண்டுபோனேன். அலை, ஒரு வள்ளம், மேகம். மூன்று நிமிட மௌனத்தில் ஒரு பிள்ளை எழுந்து வெளியே போய்விட்டாள். கடலோரத்துப் பிள்ளை. 2017 நவம்பர் 30-இல் ஒக்கிப் புயல் அடித்தபோது அவள் வீட்டு ஆள் கடலில் இருந்தார் என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது. மலைப்பக்கத்து ஆளான எனக்குக் கடல் என்றால் அழகு. அது என் தவறு. அன்றிலிருந்து வகுப்புத் தொடங்கும் முன் ஒன்று சொல்கிறேன்: யாரும் காரணம் சொல்லாமல் எழுந்து போகலாம், யாரும் பின்னால் போய் ஏன் என்று கேட்கக் கூடாது. படத்தை முந்தின நாளே உள்ளூர் ஆள் ஒருவரிடம் காட்டிவிடுகிறேன்.

பலன் இருக்கிறதா என்று பார்க்க

முதல் வகுப்புக்கு முன் ஒரு படத்தைக் காட்டி ஐந்து நிமிடம் எழுதச் சொல்லுங்கள். ஆறாவது வகுப்புக்குப் பின் வேறொரு படம், அதே ஐந்து நிமிடம். இரண்டு தாளிலும் கண்ணால் கண்டதற்கு ஒரு நிறத்திலும் ஊகித்ததற்கு வேறு நிறத்திலும் கோடு போடுங்கள். எண்ணிக்கையைவிட அந்த நிறம் மாறுவதைப் பாருங்கள். பேர் எழுதாத தாளாக இருக்கட்டும். இன்டர்னல் மார்க்கில் சேர்த்துவிடாதீர்கள்.

நாள் குறிக்கும்போது நைட் டூட்டி முடித்தவர்களை அன்றைக்குக் கூப்பிட வேண்டாம். என் முதல் வகுப்பில் அந்த மூன்று நிமிட மௌனத்தில் இரண்டு பேர் தூங்கிவிட்டார்கள். நான் எழுப்பவில்லை.